மார்கழிக் குளிரும் கோழிக்குஞ்சும்

வேலூரைப் பற்றிப் பழைய வேடிக்கைப் பேச்சு ஒன்று உண்டு. நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று அந்த ஜாபிதா நீண்டுகொண்டே போகும். ஜலகண்டேசுவரர் 1981-ஆம் வருஷத்தில் கோட்டைக் கோயிலுக்குத் திரும்ப எழுந்தருளிவிட்டபடியால் அதில் ஒன்று குறைந்துவிட்டது. அந்தக் காலி இடத்தில் "குளிரில்லாத ஊர்" என்று எழுதிக்கொள்ளலாம் என்று வெளியூர்க்காரர்கள் யோசனை சொல்லக்கூடும். சித்திரை வைகாசியில் 104 டிகிரியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டுகிற சீமையில் கோழிக்குஞ்சுக்குக் கதகதப்பு உண்டாக்குவது எப்படி என்று கட்டுரை எழுதுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதல்லாமல் வேறென்ன என்று அவர்கள் கேட்பார்கள்.

அப்படிக் கேட்பவர்கள் மார்கழி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ கோலம் போட எழுந்திருக்கும் பெண்மணிகளைக் கண்டதில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் அருகில் கிடக்கும் இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில், மார்கழி தை இரவுகளில் உஷ்ணம் 65 டிகிரி பாரன்ஹீட் அளவுக்கு இறங்குவது உண்டு. நமக்கு ஒரு போர்வை போதும். முட்டையிலிருந்து நேற்று வெளிவந்த குஞ்சுக்கோ முதல் வாரத்தில் 95 டிகிரி, அதாவது 35 டிகிரி செல்ஷியஸ், வேண்டியிருக்கிறது. இடையிலுள்ள 30 டிகிரியை யாராவது கொடுத்தாக வேண்டும். அதை யார் கொடுப்பது, எதைக் கொண்டு கொடுப்பது என்பதில்தான் குஞ்சின் உயிர் மட்டுமல்லாமல் வீட்டுக் கூரையின் கதியும் அடங்கியிருக்கிறது.

குஞ்சின் உடம்பு விசித்திரமானது. பிறக்கும்போது அதன்மேல் இருப்பது இறகு அல்ல, வெறும் பஞ்சுமயிர். அது உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காது. தன் உஷ்ணத்தைத் தானே சமாளித்துக்கொள்ளும் சக்தி இரண்டு வாரத்திற்குப் பிறகுதான் ஓரளவு வருகிறது. இறகு முளைத்து மூடுவதற்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கிறது. ஆகாரத்தைப் பற்றி அவ்வளவு அவசரம் கிடையாது. வெளிவருவதற்கு முன்பே முட்டையின் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. இரண்டு நாள் ஒன்றும் தின்னாமல் கூட அது தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒரே இரவுக் குளிர் போதும், அதன் கதையை முடித்துவிட. மறுநாள் காலையில் கூட்டின் ஒரு மூலையில் பத்துப் பதினைந்து குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, அடியில் இருப்பவை நசுங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள்.

தாய்க்கோழி இருக்கிற வரையில் இந்தப் பிரச்னையே இல்லை. கோழியின் உடம்புச் சூடு சுமார் 106 டிகிரி. நம்முடைய நாட்டுக்கோழி, அதிலும் சிறுவிடைக் கோழி, 21 நாள் அடை கிடந்து, பிறகு பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு பஞ்சாரத்தின் கீழ் படுத்துவிட்டால், எந்த யந்திரமும் அதற்கு ஈடாகாது. வேண்டும்போது குஞ்சு உள்ளே நுழைகிறது. போதும் என்றால் வெளியே தலையை நீட்டுகிறது. தாய் கொத்திக் காட்டுகிறாள், பருந்தைக் கண்டால் எச்சரிக்கிறாள், கீரியோடு சண்டைக்கும் நிற்கிறாள். இத்தனைக்கும் சம்பளம் ஒரு பிடி தானியம்.

பின்னே ஏன் இந்தத் தொல்லை வந்தது? காரணம் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், அதிக முட்டையிடும் சீமைக்கோழிகளை நம் நாட்டில் பரப்பும் முயற்சி தொடங்கிற்று. அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.ஸி.ஏ.-யின் கிராம நிலையத்தை நடத்திய ஸ்பென்ஸர் ஹாட்ச், வெள்ளை லெகார்ன் கோழிகளைக் கிராமத்தாருக்கு அறிமுகப்படுத்தி, முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்கவும் ஏற்பாடு செய்தார். நம் வேலூர்ப் பக்கத்திலேயே காட்பாடியில் ஆர்க்காட்டு மிஷனின் விவசாயப் பள்ளியும் இருந்தது. லெகார்ன் முட்டையிடுவதில் மகா கெட்டிக்காரி. ஆனால் அடை கிடக்கமாட்டாள். அந்தக் குணத்தை ஒழித்துத்தான் அந்த ஜாதியையே உருவாக்கினார்கள். அடை கிடக்கும் நாளெல்லாம் முட்டைக்கு நஷ்டமல்லவா? ஆகவே முட்டை யந்திரத்தில் பொரிக்கிறது. குஞ்சு தாயில்லாப் பிள்ளையாகப் பிறக்கிறது. நாமக்கல் வட்டாரத்துப் பெரிய பண்ணைகள் இந்த வழியில்தான் வளர்ந்தன.

பண்ணைக்காரருக்கு அதற்கென்று சாதனங்கள் உண்டு, ஆள் உண்டு, இரவுக் காவல் உண்டு. நாம் இங்கே கவலைப்படுவது வீட்டுக்காரரைப் பற்றி. தெருவில் ஒருவன் கூடை நிறையப் பச்சையும் ரோஜாவுமாகச் சாயம் பூசிய குஞ்சுகளைக் கொண்டுவருகிறான். குழந்தை காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. நான்கு குஞ்சு வாங்கியாகிறது. அல்லது, முட்டை விற்று வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் சேர்க்கலாமே என்று எண்ணி, வீட்டம்மாள் பொரிப்பகத்திலிருந்து ஐம்பது குஞ்சு வரவழைக்கிறாள். சாயங்காலம் ஆகிறது. குஞ்சுகள் "கீச் கீச்" என்று ஓயாமல் கத்துகின்றன. உடனே ஓர் அட்டைப் பெட்டி, அதில் கொஞ்சம் உமி, மேலே ஒரு கயிற்றில் தொங்கும் குண்டு பல்பு! விளக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அட்டை, உமி, காகிதம், கயிறு, சுடும் கண்ணாடி. தீ மூட்டுவதற்கு வேண்டியவை ஒன்றுகூடக் குறையவில்லை. 100 வாட் குண்டு பல்பின்மேல் விரலை வைத்தால் கொப்பளித்துவிடும். சிவப்புக் கண்ணாடியுள்ள 250 வாட் உஷ்ண விளக்கோ அதற்கு அண்ணன். கயிறு நழுவி அது உமியில் விழுந்தால், முதலில் சுவாலையே தெரியாது. உமி கனன்று கனன்று உள்ளுக்குள்ளே பரவும் சுபாவமுடையது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது அட்டையைப் பிடிக்கும். அதற்குள் புகையிலேயே குஞ்சுகள் மாண்டிருக்கும். கூடு கீற்றுக் கொட்டகையை ஒட்டியிருந்தால் பிறகு சொல்லவேண்டியதில்லை. மேல்நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் தொழுவங்களும் கோழிக்கூடுகளும் தீப்பற்றிய சம்பவங்களை ஆராய்ந்தவர்கள், சூடேற்றும் விளக்குகளையும் கருவிகளையுமே முக்கியக் குற்றவாளிகளாகக் காட்டுகிறார்கள்.

தோல் சீமையில் இந்த அபாயத்திற்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பெண்கள் பாதரட்சைகளின் மேல்தோலைத் தைக்கும் வேலையை வீட்டுக்கே வாங்கிவந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்குச் செய்கிறார்கள். கோழி வளர்ப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. ஓர் அறை வீட்டில் ஒரு பக்கம் தோல் கட்டு, ஒரு பக்கம் குஞ்சுப் பெட்டி. செருப்பு ஒட்டும் பசை டப்பாவும் அங்கே இருந்துவிட்டால் வந்தது விபரீதம்! அந்தப் பசையின் ஆவி பெட்ரோல் ஆவியைப் போல எட்டவிருந்தே நெருப்பைப் பிடிக்கும். பசை இருக்கும் அறையில் குஞ்சுக்கு விளக்கும் வைக்கக்கூடாது, கனலும் வைக்கக்கூடாது. இதில் தயவு தாட்சண்யத்துக்கே இடமில்லை.

தோல் பட்டறையிலிருந்து சும்மா கிடைக்கிறதே என்று தோல் சீவலைக் குஞ்சுக்குப் படுக்கையாகப் பரப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய காலம் வேறு. இன்று பெரும்பாலும் குரோமியம் உப்பினால் பதப்படுத்துகிறார்கள்; சீவல் நீல நிறமாக இருப்பது அதனால்தான். குஞ்சு கண்டதையெல்லாம் கொத்தித் தின்னும் பிராணி. அந்தச் சீவல் அதன் வயிற்றுக்குப் போகலாகாது. அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது. எரிக்கும்போது குரோமியம் கொடிய விஷ ரூபத்திற்கு மாறக்கூடும். பாலாற்றங்கரைக் கிணறுகளின் கதி என்ன ஆயிற்று என்பதும், 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு இந்த ஜில்லாத் தோல் ஆலைகளைப் பற்றி என்ன தீர்ப்புச் சொல்லிற்று என்பதும் இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. அந்த விஷத்தைக் கோழிக்கூடு வழியாகவும் வீட்டுக்குள் வரவழைப்பானேன்? உமி, நிலக்கடலைத் தோல், உலர்ந்த மரத்தூள் இவையே போதும். இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பினால் சரி.

விளக்கு வேண்டாம் என்று கரிச்சட்டியை எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். இது கிணற்றுக்குப் பயந்து குளத்தில் விழுவது போல. மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவன் தூக்கத்திலேயே போய்விடுவான். குஞ்சுகள் அவனுக்கு முன்னே போகும். மனிதர் படுக்கும் அறையில் குஞ்சுக்காகக் கரிச்சட்டி வைப்பது எக்காலத்திலும் கூடாது.

இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் சமீப வருஷங்களில் புகுந்திருக்கிறது. 2015-இல் உஜாலா திட்டம் வந்தது முதல் வீடுகளில் குண்டு பல்பு மறைந்து எல்.ஈ.டி. விளக்குகள் வந்துவிட்டன. மின்சாரச் செலவு குறைந்தது; நல்ல காரியம். ஆனால் பழைய வழக்கப்படி குஞ்சுப் பெட்டியில் ஒன்பது வாட் எல்.ஈ.டி.யை மாட்டிவிட்டு, "விளக்குத்தான் எரிகிறதே!" என்று தைரியமாக இருந்துவிடுகிறார்கள். அதில் வெளிச்சம் உண்டே தவிரச் சூடு கிடையாது. குஞ்சுகள் பளிச்சென்ற வெளிச்சத்தில் விறைத்துச் சாகின்றன.

சரி, விளக்குத்தான் வைத்தாகவேண்டும் என்றால் எப்படி வைப்பது? குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது பண்ணைகளில் வழங்கும் கணக்கு. ஐம்பது குஞ்சுக்கு இரண்டு 60 வாட் குண்டு பல்பு போதும். ஒரே பெரிய விளக்கைவிட இரண்டு சிறிய விளக்குகள் மேல். ஒன்று அணைந்தாலும் மற்றொன்று இருக்கும். பீங்கான் பிடிப்பான் வேண்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். விளக்கை மின்கம்பியிலேயே தொங்கவிடுவது பெரிய பிசகு. உத்தரத்தில் இரும்புச் சங்கிலி போட்டு, தகரக் குடையோடு அதில் தொங்கவிட வேண்டும். அந்தச் சங்கிலி அறுந்தாலும் தாங்குவதற்கு இன்னொரு கம்பி, வேறோர் ஆணியில். பல்பைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். பத்து நாள் குஞ்சு சிறகடித்துப் பறக்கப் பார்க்கும் என்பதையும், தண்ணீர் தெறித்தால் சுட்ட கண்ணாடி வெடிக்கும் என்பதையும் நினைவில் வைத்துத் தண்ணீர்த் தட்டை விலக்கி வைக்கவேண்டும். சூடு வெளியே போகாமலிருக்க விளக்கின்மேல் சாக்கையோ பழம் புடைவையையோ போர்த்துகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதைக் காட்டிலும் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிடலாம், நேரமாவது மிஞ்சும்! எலி மின்கம்பியைக் கடிக்கும் வீட்டில் விளக்கு யோசனையையே கைவிடுவது நல்லது. குஞ்சுகளைச் சுற்றி அட்டைக்குப் பதில் ஒன்றரை அடி உயரத் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தினால் காற்றும் தடுக்கும், தீயும் பிடிக்காது. வட்டத்தில் மூலை இல்லையாகையால் குஞ்சுகள் குவிந்து நசுங்குவதும் குறையும்.

இத்தனை ஜாக்கிரதையும் செய்து படுத்தால் நள்ளிரவில் மின்சாரம் நின்றுவிடும்! ஆகவே விளக்கே இல்லாத வழிகள் உண்டா என்று பார்ப்போம். உண்டு, அதற்கு இருநூற்றெழுபது வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரமும் உண்டு.

பிரான்ஸ் தேசத்தில் ரேயோமூர் என்று ஒரு மேதை இருந்தார். உஷ்ணமானி அளவை ஒன்றுக்கு இன்றைக்கும் அவர் பெயர் வழங்குகிறது. எகிப்தியர் அடுப்பு அமைத்து முட்டை பொரிப்பதைக் கேள்விப்பட்டு, தாமும் குப்பை மேட்டின் சூட்டில் முட்டைகளைப் பொரித்து, 1749-இல் அதைப் பற்றி நூல் எழுதினார். பொரித்த குஞ்சுகளுக்குத் தாய் வேண்டுமே! அதற்கு அவர் செய்த "செயற்கைத் தாய்" என்ன தெரியுமா? அடிப்பலகை இல்லாத ஒரு தாழ்ந்த பெட்டி. அதன் உட்புறமெல்லாம் மயிரோடு கூடிய ஆட்டுத்தோல். குஞ்சுகள் அதனுள் புகுந்து, தாயின் வயிற்றடியில் இருப்பதாக எண்ணிக்கொண்டன. தோல் சீமைக்காரரான நாம் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். ஆனால் உடனே மண்டிக்கு ஓடிப் பச்சைத் தோல் கொண்டுவந்து விடாதீர்கள். பச்சைத் தோலில் அடைப்பான் நோயின் வித்துக்கள் இருக்கக்கூடும். அந்த நோய் மனிதரையும் பிடிக்கும். துவைத்து உலர்த்திய பழைய கம்பளி அதே வேலையைச் செய்யும்.

ரேயோமூருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் எல்மைரா என்ற ஊரில் பிலோ என்பவர் கொல்லைப்புறக் கோழி வளர்ப்புக்கு ஒரு முறை வகுத்து, நெருப்பில்லாக் குஞ்சுப் பெட்டியைப் பிரபலப்படுத்தினார். குஞ்சுகளின் உடம்புச் சூடே அவற்றுக்குப் போதும், அது வீணாகாமல் மேலே மெத்தை போட்டால் சரி என்பது அவருடைய சித்தாந்தம். எத்தியோப்பியாவில் மின்சாரமில்லாத கிராமங்களில் இதே தத்துவத்தில் வைக்கோல் பெட்டியை உபயோகிக்கிறார்கள். நமக்கு வைக்கோலுக்கா பஞ்சம்?

செய்வது எளிது. ஒவ்வொரு பக்கமும் இரண்டேகால் அடியுள்ள ஒரு பழைய மரப்பெட்டி. நடுவில் ஒன்றரை அடிச் சதுரம் விட்டு, நான்கு புறமும் நாலங்குல கனத்துக்கு வைக்கோலைத் திணித்து, வைக்கோல் உதிராமல் சாக்குத்துணியால் தைத்துவிட வேண்டும். அடியில் உமி. ஒரு பக்கத்தில் குஞ்சு வந்து போக நான்கு அங்குல வாசல். மேற்பக்கத்தில் இரண்டு மூன்று காற்றுத் துவாரம். துவாரத்தை அடைத்துவிட்டால் குஞ்சுகள் மூச்சு முட்டியே சாகும். மேலே கம்பளித் துண்டு ஒன்றைத் தொட்டில் போலத் தளர்த்திக் கட்டி, அது குஞ்சின் முதுகை இலேசாகத் தொடும்படி செய்யவேண்டும். முதுகில் ஏதாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் குஞ்சுக்குத் தாய் நினைவு. வாரா வாரம் கம்பளியைச் சற்று உயர்த்திக் கட்டினால் போதும். இந்தப் பெட்டிக்கு இருபது இருபத்தைந்து குஞ்சு வேண்டும். நான்கு குஞ்சை மட்டும் விட்டால் அவை தம் சூட்டினால் மட்டும் பிழைக்கமாட்டா.

குஞ்சு குறைவாக இருந்தாலும், முதல் நான்கைந்து இரவுகளிலும், வெந்நீர் கைகொடுக்கும். மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கு அல்லது பித்தளைச் செம்பில் கொதிநீரை நிரப்பி, சாக்குத்துணி சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தால் மூன்று நான்கு மணி நேரம் கதகதப்பாக இருக்கும். மண் தோண்டி உதவாது. கசிந்து உமியை நனைக்கும். ஈர உமி குளிரைவிடப் பொல்லாதது. இரவில் ஒரு தடவை எழுந்து நீரை மாற்றவேண்டியிருக்கும் என்பது வாஸ்தவம். கைக்குழந்தை வைத்திருக்கும் வீட்டில் அது ஒரு கஷ்டமாகத் தோன்றாது.

எல்லாவற்றிலும் சிறந்த உபாயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் அடை கிடக்கும் நாட்டுக்கோழி ஒன்று இருந்தால், வாங்கிய ஒரு நாள் குஞ்சுகளை அதன் தலையில் கட்டிவிடலாம். பகலில் அல்ல; பகலில் கொடுத்தால் கொத்தித் துரத்தும். கோழி இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அடை கிடந்திருக்க வேண்டும். நன்றாக இருட்டியபின், விளக்கில்லாமல், சத்தம் செய்யாமல், ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு குஞ்சைச் செருகுவது, இப்படி ஒவ்வொன்றாக. விடியும்போது அந்த அம்மாள் அவை தன் குஞ்சுகளே என்று எண்ணிக்கொண்டு எழுந்து வருவாள். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் ஆசைப்படக்கூடாது. முதல் நாள் காலை மட்டும் கூட இருந்து, கொத்துகிறாளா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நச்செல்லாம் வேண்டாம் என்பவர்கள், விலை சற்றுக் கூடுதலானாலும் நான்கு வாரக் குஞ்சாகவே வாங்கிவிடலாம்.

எந்த முறையைக் கையாண்டாலும் உஷ்ணமானியைவிட நம்பத்தக்க சாட்சி குஞ்சுகளே. சூட்டின் அடியில் ஒண்டிக் குவிந்து உரக்கக் கத்தினால் குளிர். சிறகை விரித்து வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து, அவ்வப்போது எழுந்து தின்று, மெல்ல முணுமுணுத்தால் எல்லாம் சரி. வாரத்திற்கு 5 டிகிரி வீதம் சூட்டைக் குறைத்துக்கொண்டு வந்தால் நான்காவது வாரக் கடைசியில் சாதாரண இரவுகளுக்கு ஒன்றும் வேண்டியிராது. பங்குனிக்குப் பிறகு பொரித்த குஞ்சுகளுக்கு வேலூர் வெயிலே பகல் முழுதும் தாய். அப்போது நிழலைப் பற்றித்தான் கவலை.

ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடவேண்டும், வெள்ளைக்கழிச்சல் வராமலிருக்க. அந்த நோய்க்கு ராணிகேத் என்ற பெயர் இமயமலைச் சாரலிலுள்ள ஊரினால் வந்தது. அதை நம் ராணிப்பேட்டையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ராணிப்பேட்டைக்கு அந்த நோயோடு உள்ள உறவு நல்ல உறவுதான்: 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் இருக்கிறது. சொட்டு மருந்தைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பெறலாம். குஞ்சு வளர்ப்பில் மற்றச் சந்தேகங்களுக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நடை போய்வரலாம். சொட்டு விடும் அன்று மட்டும் குஞ்சுகளை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கதகதப்பாக வைத்திருங்கள். மருந்து விட்ட இரவில் அவை சற்றுச் சோர்ந்திருக்கும். பெட்டியண்டை போய்க் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் படுப்பது நல்லது.